தீர விசாரித்தோமா?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியவர்கள். உடுமலைப்பேட்டை மக்களாகிய நமக்கு இது வெறும் பழமொழி அன்று. 2016-ஆம் ஆண்டு முதல் நம் தெருவிலும் தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் ஓயாது நடந்துவரும் ஒரு விவாதத்தின் சுருக்கம் அது.

அவ்வாண்டு மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். உடுமலைப் பேருந்து நிலையத்தின் அருகே மக்கள் நடமாடும் சாலையில் சங்கர் என்னும் 22 வயது இளைஞர் வெட்டி வீழ்த்தப்பட்டார். அவர் கொமரலிங்கத்தைச் சேர்ந்த பொறியியல் கல்லூரி மாணவர். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். உடன் வெட்டுண்டவர் அவர் மனைவி கௌசல்யா, வயது 19, பழனியைச் சேர்ந்தவர், வேறு சாதியில் பிறந்தவர். 2015 சூலை 12-இல் இருவரும் மணந்தனர். மணவாழ்க்கை எட்டு மாதம்! கோவை மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே சங்கர் மாண்டார். தலையில் வெட்டுக் காயங்களோடு கௌசல்யா பிழைத்தார்.

சாலையோரக் கண்காணிப்புக் கேமரா அக்கொலையைக் கண்டது. கேமரா கண்டதைத் தொலைக்காட்சி காட்டியது. ஒருமுறையா, இருமுறையா? காலையில் காட்டியது, மாலையில் காட்டியது, அரிவாள் ஓங்கும் இடத்தில் நிறுத்திக் காட்டியது, வட்டமிட்டுக் காட்டியது. நாடு கண்டது, நடுங்கியது. பிறகு? நாடே நீதிபதி ஆயிற்று!

அந்த நீதிபதியைத்தான் இங்கே நாம் விசாரிக்க விரும்புகிறோம்.

நம் நாட்டில் கொலை வழக்கின் விசாரணையைத் தொலைக்காட்சியில் காட்டும் வழக்கம் இல்லை. அரசியல் சட்ட அமர்வின் வாதங்களை உச்சநீதிமன்றம் 2022 செப்டம்பர் முதல் நேரடியாகக் காட்டிவருகிறது. ஆனால், சாட்சிக் கூண்டில் நிற்பவரை வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யும் காட்சியை வீட்டிலிருந்தபடி நாம் கண்டதில்லை. அமெரிக்காவில் கண்டார்கள். 1995-இல் விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கை அந்நாடு மாதக்கணக்கில் தொலைக்காட்சியில் பார்த்தது. பார்த்தும் என்ன? தீர்ப்பு வந்த அன்று ஒரு பாதி அழுதது. மறு பாதி ஆடியது. சான்றைப் பார்த்து முடிவுக்கு வந்தவர்களைவிட, முடிவோடு வந்து சான்றைப் பார்த்தவர்களே மிகுதி. விசாரணையை முழுதும் பார்த்தவர்கள் நிலையே அது. வெட்டும் காட்சியை மட்டும் பார்த்த நம் நிலை என்ன?

விசாரணையைக் காண முடியாத நமக்கு அதற்கு ஈடாகக் கிடைப்பது இரவு 8 மணி விவாதம். நால்வர் அமர்வர், ஐந்தாமவர் நெறியாளர். அங்கே எழும் வினாக்களைப் பாருங்கள். பெண் செய்தது சரியா? பெற்றோர் மனம் புண்படாதா? காதல் உண்மைதானா? சாதிச் சங்கத்தார்க்கும் ஒரு நாற்காலி, சமநிலையாம்! கொலை வழக்கில் மணமக்களின் ஒழுக்கம் எப்படி வழக்குப் பொருளாகும்? கொன்றவர் யார், சான்று என்ன என்ற இரண்டைத் தவிர மற்றவை எல்லாம் அங்கே பேசப்பட்டன.

அடுத்து வருவது வாக்குமூலம். "குற்றவாளி ஒப்புக்கொண்டார்" என்று திரையின் அடியில் எழுத்து ஓடும். யாரிடம் ஒப்புக்கொண்டார்? காவல்துறையிடம்! காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவில் சொன்னது. 2024 சூலை முதல் நடப்புக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. லத்தியின் கீழ் பிறக்கும் வார்த்தையை நம்பலாகாது என்பது வெள்ளையன் காலத்திலேயே தெரிந்த உண்மை. சட்டம் வாசலிலேயே தடுக்கும் அந்த வார்த்தையைத் தொலைக்காட்சி நடுவீட்டுக்கு அழைத்து வந்து இருக்கை போட்டு அமர்த்துகிறது.

தமிழன் இந்தத் தவற்றை அறியாதவனா? சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கோவலன்மேல் இருந்த சான்று என்ன? கையில் ஒரு சிலம்பு. காதில் ஒரு பொற்கொல்லன் சொல். இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே என்று காவலர் தயங்கினர். தயங்கியவர்களுக்குக் கள்வர்களின் தந்திரங்களை எல்லாம் அடுக்கடுக்காக எடுத்துரைத்தான் பொற்கொல்லன். எவ்வளவு திறமான விவாதம்! அவ்வளவும் கள்வர்களைப் பற்றியது. கோவலனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் பேசி முடித்ததும் வாள் வீசப்பட்டது. பின்னர் கண்ணகி வந்தாள். அவள் அரசவையில் அழுது மட்டும் போனாளா? சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து, இதில் மாணிக்கம். வழக்கு முடிந்தது. அந்தப் பரலுக்குப் பெயர்தான் சான்று. நாம் கண்ணகிக்குச் சிலை எடுத்தவர்கள். ஆகவே, பரல் எங்கே என்று கேட்கும் கடமை மற்றெவரையும்விட நமக்கே அதிகம்.

இனி, நம் ஊர் வழக்கின் பரல்களை எண்ணுவோம்.

2017 டிசம்பர் 12-இல் திருப்பூர் முதன்மை அமர்வு நீதிமன்ற நீதிபதி அலமேலு நடராஜன் தீர்ப்பளித்தார். குற்றம் சாட்டப்பட்டோர் 11 பேர். பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு, ஒருவருக்கு ஆயுள், ஒருவருக்கு ஐந்தாண்டுச் சிறை, பெண்ணின் தாய் உட்பட மூவர் விடுதலை. 2020 சூன் 22-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் சத்தியநாராயணன், நிர்மல்குமார் ஆகியோர் மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தனர். தந்தை விடுதலையானார். மற்ற ஐவரின் தூக்கு, 25 ஆண்டுக்குக் குறையாத, தண்டனைக் குறைப்புக்கு இடமில்லாத ஆயுள் தண்டனை ஆயிற்று. தாய் உள்ளிட்ட மூவரின் விடுதலையும் உறுதியாயிற்று.

முதல் தீர்ப்பு வந்தபோது நம்மவர் இனிப்பு வழங்கினர். இரண்டாம் தீர்ப்பு வந்தபோது நீதி செத்தது என்று முழங்கினர். எதிர்முகாமோ முதல் தீர்ப்பை ஏசியது. இரண்டாம் தீர்ப்புக்கு வெடி வெடித்தது. இரண்டு தீர்ப்பையும் படித்துப் பார்த்தவர் இரு முகாமிலும் எத்தனை பேர்?

ஒரே வழக்கு, ஒரே சாட்சிகள், இரண்டு முடிவுகள். எப்படி? இங்கேதான் கண்டதற்கும் தெளிந்ததற்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. வழக்கில் இரண்டு வினாக்கள். வெட்டியவர் யார் என்பது முதல் வினா. அதற்குக் கேமராப் பதிவு உண்டு. அதற்கும் மேலாக, வெட்டுண்டும் உயிரோடு நின்று சொன்ன கௌசல்யாவின் சாட்சியம் உண்டு. காயமுற்றவர் சாட்சியத்துக்குச் சட்டத்தில் தனி மதிப்பு உண்டு. தன்னை வெட்டியவனை விட்டுவிட்டு வேறொருவனை எவரும் எளிதில் காட்டிக்கொடுக்கமாட்டார் என்பதே காரணம். இவ்வினாவுக்கு இரு நீதிமன்றங்களும் ஒரே விடையே தந்தன: குற்றவாளிகள்!

வெட்டச் சொன்னவர் யார் என்பது இரண்டாம் வினா. கேமரா இதற்கு ஊமை. கூடிப் பேசிய இடத்தில் கேமரா இல்லை, கௌசல்யாவும் அங்கில்லை. கூட்டுச் சதி என்பது மனங்களுக்கிடையே ஏற்படும் உடன்பாடு. அதைக் கண்ணால் கண்ட சாட்சி பெரும்பாலும் கிடைக்காது. சூழ்நிலைகளைக் கோத்துத்தான் காட்டவேண்டும். சூழ்நிலைச் சான்றுக்கு 1984-இல் சரத் சார்தா வழக்கில் உச்சநீதிமன்றம் ஐந்து விதிகளை வகுத்தது. பஞ்சசீலம் என்றே அவற்றைச் சொன்னது. ஒவ்வொரு சூழ்நிலையும் ஐயமற நிறுவப்படவேண்டும். அவை குற்றத்தையே சுட்டவேண்டும். அச்சுட்டல் முடிவானதாக இருக்கவேண்டும். வேறு விளக்கத்துக்கு இடம் இருக்கக்கூடாது. சங்கிலியில் ஒரு கண்ணியும் அறக்கூடாது.

பழிவாங்கும் எண்ணம், முன்பு நடந்த மிரட்டல், கைமாறிய பணம், நடந்த பேச்சு என்று அரசுத் தரப்பு சங்கிலி கோத்தது. அச்சங்கிலி முழுமையானது என்றது திருப்பூர். கண்ணிகள் ஐயமற நிறுவப்படவில்லை என்றது சென்னை. மிரட்டல் நடந்தது என்றால் நோக்கம் இருந்தது என்று ஆகும். நோக்கம் இருந்தவன் எல்லாம் ஆள் அனுப்பியவன் என்று ஆகாது. ஐயம் எவ்வளவு வலுத்தாலும் அது சான்றாகிவிடாது என்பதே உயர்நீதிமன்றம் பற்றிய விதி.

அப்படியானால், கூலிக்கு வெட்டினார்கள் என்று சொல்லப்பட்ட ஐவர் உள்ளே. கூலி தந்தவர் யார் என்ற வினா வெளியே! இவ்வினாவை எழுப்ப நமக்கு உரிமை உண்டு. அதை எழுப்பித்தான் 2020-லேயே தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றம் சென்றது. ஆனால், விடை கிடைக்கவில்லை என்பதற்காகக் கிடைத்தவர் கழுத்தில் கயிற்றை மாட்டு என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. தூக்கு நிறைவேறிய பின் மேல்முறையீடு எங்கே போகும்? சுடுகாட்டுக்கா?

"அண்ணே, சாதி வெறியர்க்காக நீங்களே வாதாடுகிறீர்களா?" என்று நம் இளைஞர் சிலர் சினக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு பழைய வழக்கை நினைவூட்டுவோம். 1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். தியாகராச பாகவதரும் நம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945-இல் ஜூரிகளின் முடிவை ஏற்று இருவருக்கும் ஆயுள் முழுதும் தீவாந்தரம் என்றது நீதிமன்றம். ஊரெங்கும் வதந்தி, ஏடெங்கும் கதை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்றது. திரும்பி வந்து 1947-இல் சென்னை உயர்நீதிமன்றம் சான்றுகளை மீண்டும் சலித்துப் பார்த்த பிறகே இருவரும் விடுதலையாயினர். கலைவாணருக்குப் பாட்டெழுதிய பகுத்தறிவுக் கவிராயர் உடுமலை நாராயணகவி நம் மண்ணின் மைந்தர். அவர் நண்பரைச் சிறையிலிருந்து மீட்டது எது? ஐயத்துக்கு இடமிருந்தால் தண்டிக்காதே என்னும் அதே விதி! நமக்கு வேண்டியவர் விடுதலையானால் நீதி, வேண்டாதவர் விடுதலையானால் அநீதி என்றால், நம் கையில் இருப்பது தராசு அன்று, வெறும் தட்டு.

சான்றைப் பேணினால் சாதி வெறியர் தப்பிவிடுவர் என்பதும் உண்மையன்று. கொங்கு நாட்டிலேயே மறுசான்று இருக்கிறது. 2015 சூன் 23-இல் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டார் ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்று கதை கட்டப்பட்டது. கொலையை நேரில் கண்டவர் இல்லை. உடன் சென்ற தோழியோ கூண்டில் ஏறிப் பிறழ்சாட்சியானார். உடுமலை வழக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இங்கே உறுதியான சாட்சி இருந்தார்; அங்கே இருந்த சாட்சியும் கைவிட்டார். ஆயினும் என்ன நடந்தது? கோயில் கேமராப் பதிவைச் சட்டம் கேட்கும் முறைப்படி நிறுவி, கண்ணியோடு கண்ணி பூட்டினார் சிறப்பு அரசு வழக்கறிஞர் ப. பா. மோகன். மகனை இழந்த தாய் போராடி வழக்கை மதுரைக்கு மாற்றினார். 2022 மார்ச்சில் யுவராஜ் உட்பட பத்துப் பேர் தண்டனை பெற்றனர். மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம். எஸ். ரமேசும் ஆனந்த் வெங்கடேசும் கோயிலுக்கே சென்று கேமரா இருந்த இடங்களைப் பார்வையிட்டனர். 2023 சூனில் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தனர். தீர விசாரித்தல் என்றால் இது! அங்கே வென்றது ஆத்திரம் அன்று, உழைப்பு.

ஆகவே, நம் சினம் பாயவேண்டிய திசை வேறு. சங்கிலியை ஒழுங்காகக் கோக்காத புலனாய்வைக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்ல ஊரார் ஏன் அஞ்சுகின்றனர் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிணம் விழுந்த பிறகே விழித்துக்கொள்ளும் சட்டத்தைக் கேளுங்கள். மணமக்களை மிரட்டுவதையும் அதற்காகக் கூடுவதையும் தனிக் குற்றமாக்கவேண்டும் என்று சட்ட ஆணையம் 2012-இலேயே தன் 242-ஆம் அறிக்கையில் சொன்னது. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில், மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் காப்பிடமும் வேண்டும் என்றது உச்சநீதிமன்றம். தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை வழங்க ஓர் ஆணையம் அமைப்பதாகத் தமிழக முதலமைச்சர் 2025 அக்டோபரில் சட்டமன்றத்தில் அறிவித்தார். முதல் மிரட்டலையே குற்றமாகப் பதிவு செய்து, அன்றே சான்று திரட்டும் சட்டம் இருக்குமானால், இரகசியச் சதியைப் பிணத்தின் பக்கத்தில் நின்று தேடவேண்டிய நிலை வராது. உயிரும் எஞ்சும், சான்றும் எஞ்சும்.

கடவுள் உண்டென்பவனிடம் சான்று கேட்கிறோம். சாதி உயர்வு பேசுபவனிடம் சான்று கேட்கிறோம். குற்றவாளி இவனே என்று நம் நெஞ்சு சொல்லும்போது, அந்த நெஞ்சிடமும் சான்று கேட்கவேண்டாமா? அங்கே கேட்கத் தவறினால் நம் பகுத்தறிவு பிறருக்கு மட்டும் தரும் மருந்தாகிவிடும்.

தோழர்களே! அடுத்த கொலைக்காட்சி திரையில் ஓடும்போது, கொதியுங்கள், கொதிக்காதவன் மனிதனல்லன். ஆனால் அத்தோடு நில்லாதீர்கள். படிப்பகத்தில் தீர்ப்பின் படியை வாங்கி வையுங்கள். வட்டமாக அமர்ந்து வரிவரியாகப் படியுங்கள். சட்டம் பயிலும் தங்கையை அழைத்து விளக்கச் சொல்லுங்கள். எந்தக் கண்ணி உறுதி, எந்தக் கண்ணி பொய்த்தது என்று குறித்து வையுங்கள். கண்டதைச் சொல்ல அஞ்சும் சாட்சிக்குத் துணையாக நீதிமன்ற வாசல்வரை நடங்கள். சங்கருக்கு நாம் செய்யக்கூடிய சிறப்பு அதுவே.