ஸ்பியர் கையேடு: பதினைந்து லிட்டரும் பத்தாயிரம் பேரும்

பேரிடர் மேலாண்மை வேலைக்கு வருகிறவர்கள் பொது சுகாதாரத்தின் அடிப்படையை எங்கே படிக்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஸ்பியர் கையேடு. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். 2018இல் வந்த நான்காம் பதிப்பு ஏறத்தாழ நானூறு பக்கம். நல்ல புத்தகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதிலிருந்து எல்லோரும் மனப்பாடம் செய்யும் எண்கள் ஒன்று, முதலில் தெரிய வேண்டிய எண் வேறொன்று. புத்தகத்தின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கட்சி.

முதலில் இந்தப் புத்தகம் ஏன் பிறந்தது என்று பார்த்துவிடுவோம். 1994 ஜூலை நடுவில் ருவாண்டாவில் ஆட்சி கைமாறியது. எல்லைக்கு அந்தப் பக்கம், அன்று ஜைர் என்றழைக்கப்பட்ட காங்கோவின் கோமா நகரப் பகுதிக்குள் சில நாட்களில் 5 முதல் 8 லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். தரை முழுக்க எரிமலைப் பாறை. கக்கூஸுக்குக் குழி தோண்ட முடியவில்லை, கிணறு வெட்டவும் வழியில்லை. குடிக்க கிவு ஏரித் தண்ணீர்தான். உடனே காலரா, அதன் பின்னாலேயே சீதபேதி. முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் செத்துப்போனார்கள். உதவிக்கு வந்த நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை, ஆளாளுக்கு ஒரு முறையில் வேலை செய்தார்கள். ருவாண்டா உதவிப் பணிகள் பற்றி 1996இல் வந்த கூட்டு மதிப்பீட்டு அறிக்கை, தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் இருந்தன என்று சொன்னது. 1997இல் தொடங்கிய ஸ்பியர் திட்டம் அந்த அனுபவத்தின் விளைவு.

இனி புத்தகம். ஒவ்வொரு தலைப்பிலும் நான்கு அடுக்கு: தரநிலை, முக்கியச் செயல்கள், குறியீடுகள், வழிகாட்டுக் குறிப்புகள். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். தரநிலை என்பது ரிக்வயர்மென்ட், குறியீடு என்பது டெஸ்ட் கேஸ். தண்ணீர் பற்றிய தரநிலையில் எண்ணே கிடையாது. போதுமான, பாதுகாப்பான தண்ணீர் எல்லோருக்கும் நியாயமாகக் கிடைக்கணும், அவ்வளவுதான். ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் என்பது அதற்குக் கீழே, குறியீடுகளில் வருகிறது. 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரையடி இடம், குழாய் ஒன்றுக்கு 250 பேர், மாதத்துக்கு 250 கிராம் குளியல் சோப்பு எல்லாமே இந்த வகைதான். படிக்கிறவர்கள் ரிக்வயர்மென்டை விட்டுவிட்டு டெஸ்ட் கேஸை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அதனால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேர் உள்ள ஒரு முகாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் டேங்கரில் 15,000 லிட்டர் இறக்கியாச்சு. டாஷ்போர்டில் பச்சை விளக்கு. டேங்கர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் 400 பேர் ஆளுக்கு 27 லிட்டர் பிடித்தால், 10,800 லிட்டர் போய்விட்டது. மிச்சம் 4,200 லிட்டர், அடுத்த 600 பேருக்கு. ஆளுக்கு 7 லிட்டர். சராசரி அப்பவும் 15தான்! வயிற்றுப்போக்கு பரவினால் அந்த 600 பேர் நிலைமை என்ன என்று அந்தப் பச்சை விளக்கு சொல்லாது.

கையேட்டின் மேல் இதில் பழி போட முடியாது. அது கேட்பது வீட்டில் உபயோகித்த தண்ணீரை, டேங்கர் இறக்கிய தண்ணீரை அல்ல. குடும்பத்துக்கு 10 முதல் 20 லிட்டர் கொள்ளும் இரண்டு பாத்திரம் தரணும் என்றும் சொல்கிறது. குடமே இல்லாத வீட்டுக்கு 15 லிட்டர் எப்படிப் போய்ச் சேரும்? ஆனால் வீடு வீடாகக் கேட்பதைவிட டேங்கர் ரசீதை எண்ணுவது சுலபம். அதனால் ரசீதுதான் ரிப்போர்ட்டில் ஏறுகிறது.

அடுத்தது, என் முக்கியமான புகார். தொழில்நுட்ப அத்தியாயங்கள் நான்கு: தண்ணீரும் சுகாதாரமும், உணவு, தங்குமிடம், கடைசியாக மருத்துவம். ஒரு முகாம் தேறுகிறதா, மூழ்குகிறதா என்று காட்டும் எண் அந்தக் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. பத்தாயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை சாவு என்பதுதான் அது. கோமாவுக்கு நாமே போட்டுப் பார்க்கலாம். 50,000 சாவு, 30 நாள். நாளைக்கு சுமார் 1,667. மக்கள்தொகை 8 லட்சம் என்றால் பத்தாயிரத்துக்கு 21, 5 லட்சம் என்றால் 33. அவசரநிலை என்று சொல்ல வைக்கும் எல்லை வெறும் 1. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2.

இந்த 1 எங்கிருந்து வந்தது? ஏழை நாடுகளில் சாதாரண காலத்து விகிதம் சுமார் 0.5 என்று வைத்து, அதன் இரு மடங்கு. இதை அப்படியே எல்லா ஊருக்கும் தூக்கிக்கொண்டு போனால் வம்பு. இந்தியாவில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஆறேழு சாவு என்றால், பத்தாயிரம் பேருக்கு நாளைக்கு 0.2க்கும் குறைவு. நம் ஊர் வெள்ள நிவாரண முகாமில் 1ஐத் தொடும்வரை காத்திருந்தால், வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்கு பேர் செத்த பிறகுதான் மணி அடிக்கும். உள்ளூர் அளவின் இரு மடங்கைப் பார், அது தெரியாதபோது மட்டும் 1ஐ வைத்துக்கொள் என்பதுதான் கையேட்டின் நிலை. பரவுவது என்னவோ 1 மட்டும்தான்.

எண் சரியாக இருந்தாலும் கை பழகாவிட்டால் பயனில்லை. காலராவில் இறப்பு 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. கோமாவில் சிகிச்சை மையங்கள் இருந்தும் ஒரு கட்டத்தில் 48 சதவீதம் வரை போனது. டாக்காவிலுள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்தின் குழு போய்ப் பார்த்தபோது, நீரேற்றம் மிக மெதுவாக நடந்தது, உப்பு-சர்க்கரைக் கரைசலைப் போதுமான அளவு கொடுக்கவில்லை, பொருத்தமில்லாத சலைன் ஏற்றினார்கள். அந்தக் குழு கவனித்த இடத்தில் இறப்பு 1 சதவீதத்துக்குக் கீழே வந்தது. இது புது வித்தையும் இல்லை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில், போங்கானில், சலைன் தீர்ந்துகொண்டிருந்தபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் கரைசலை டிரம்மில் வைத்து, உறவினர்களையே புகட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. இருபத்துமூன்று வருஷம் கழித்து கோமாவில் இது போதுமான அளவு புழக்கத்தில் இல்லை. ஒரு அவசரகால அதிகாரி டாக்டராக வேண்டியதில்லை. முதல் நாளே கரைசல், டம்ளர், புகட்டத் தெரிந்த நாலு பேர் இருக்கும் ஒரு மூலையைத் திறக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தால் போதும். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஒரு குறியீட்டு எண்ணால் சொல்லிவிட முடியாது.

ஸ்பியர் மேல் பழைய விமர்சனம் ஒன்று உண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குள்ளிருந்தே வந்தது. உதவியை வெறும் தொழில்நுட்பக் கணக்காக்கிவிடும், அரசியலைப் பேச விடாது என்பது அதன் சாரம். முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை, எண் இல்லாத இடத்தில் யாரையும் கேள்வி கேட்க முடியாது என்பதால். ஆனால் கோமா முகாம்களை இனப்படுகொலையில் பங்கெடுத்தவர்களே தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். ரேஷன் தலைவர்கள் வழியாகப் போனது. பெண்களை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களுக்குக் குறைவாகவே வந்தது, அந்த வீட்டுக் குழந்தைகளே அதிகம் இளைத்தார்கள். இங்கே சராசரியும் அரசியலும் ஒரே விஷயம்.

கையேட்டைப் படிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். முகாமில் நிற்கும் முதல் நாள் மூன்று கேள்வி கேளுங்கள்: இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? நேற்று எத்தனை பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகள் எத்தனை? தண்ணீர் கிடைக்காமல் திரும்பியவர்கள் யார்? இரண்டாவது கேள்விக்கு அலுவலகத்தில் பதில் இல்லையென்றால், குழி தோண்டுகிறவரிடம் இருக்கும். லிட்டர் கணக்கை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.