ஜப்பானிய இலைத் தேநீர்: பலமும் வரம்பும்

ஜப்பானியப் பச்சைத் தேயிலையின் குணத்தைத் தீர்மானிப்பது ஆவி. பறித்த கொழுந்தை அப்படியே விட்டால், அதிலுள்ள நொதிகள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இலையைப் பழுப்பாக்கிவிடும். கறுப்புத் தேயிலைக்கு இந்த மாற்றம் வேண்டும். பச்சைத் தேயிலைக்குக் கூடாது. அதனால் பறித்த கையோடு சூடு காட்டி நொதிகளை முடக்கிவிடுகிறார்கள். சீனாவில் இதற்குப் பெரும்பாலும் சட்டியில் வாட்டுவார்கள். ஜப்பானில் ஆவியில் அவிப்பார்கள். அவித்த இலையில் பச்சை நிறம் மங்காது. இளம்புல்லும் கடற்பாசியும் கலந்தது போன்ற வாசனை அதில் தங்கிவிடும். அவித்ததைச் சுருட்டிச் சுருட்டி உலர்த்தும்போது இலை ஊசி போல நீண்டு, கரும்பச்சையாகப் பளபளக்கிறது.

இந்த முறைக்கு வடிவம் கொடுத்தவராகக் கருதப்படுபவர் நாகதானி சோயென். உஜிக்கு அருகிலுள்ள உஜிதவாராவைச் சேர்ந்த தேயிலை விவசாயி அவர். அவித்த இளங்கொழுந்தைச் சூடான உலர்த்துமேசைமீது கையால் சுருட்டி உலர்த்தும் முறையை அவர் 1738இல் செம்மைப்படுத்தினார். அதுவரை மேல்தட்டினர் மாட்சாப் பொடியைக் கடைந்து குடித்தார்கள். எளிய மக்கள் முரட்டு இலையைக் கொதிக்கவைத்துப் பழுப்புநிறத் தேநீராகக் குடித்தார்கள். சோயெனின் முறைக்குப் பிறகுதான் பச்சை நிறமும் மணமும் உள்ள இலைத் தேநீர் பரவலாயிற்று. சென்சா என்பது அதன் பெயர். ஏறத்தாழ அதே காலத்தில், பைசாவோ என்று அழைக்கப்பட்ட முதிய ஜென் துறவி ஒருவர் கியோட்டோவின் தெருக்களிலும் தோப்புகளிலும் அடுப்பு வைத்து இலைத் தேநீர் விற்றார். மாட்சாச் சடங்கின் இறுக்கமும் ஆடம்பரமும் அவருக்கு உடன்பாடானவை அல்ல. சடங்கின் பிடியிலிருந்து விலகிய எளிய பானமாகவே இலைத் தேநீர் வளர்ந்தது என்பதை இந்தப் பழக்கத்தை எடைபோடும்போது மறக்கக் கூடாது.

வகைகள்

டீ பேக்கில் வரும் கிரீன் டீயில் தொடங்கி, அதன் வறட்டுக் கசப்பில் சலித்து, இலையாக வாங்க நினைக்கும் புதியவர் முதலில் திகைப்பது பெயர்களில்தான். பெயர்கள் பல இருந்தாலும், அடிப்படையில் அவை நான்கு கேள்விகளுக்கான விடைகள்: இலை வெயிலில் வளர்ந்ததா, நிழலில் வளர்ந்ததா? எவ்வளவு நேரம் அவிந்தது? எந்தப் பருவத்தில் பறித்தது? அதன்பின் வறுத்ததா?

வெயிலில் வளர்ந்து, 1 நிமிடத்துக்குள் அவிந்து வருவது வழக்கமான சென்சா. அதைவிட இரண்டு மடங்கு நேரமோ அதற்கு மேலோ அவித்தால் ஃபுகாமுஷி. இதன் இலை நொறுங்கி, சாறு கலங்கலாகவும் கெட்டியாகவும் இறங்கும், துவர்ப்பும் அடங்கியிருக்கும். அறுவடைக்கு முன் ஏறத்தாழ 20 நாள் பந்தலிட்டோ துணி போர்த்தியோ நிழலில் வளர்த்தால் கியோகுரோ. இந்த நிழல் ஒரு வாரம், பத்து நாள் மட்டும் என்றால் கபுசெச்சா. முற்றிய இலையிலும் பிந்தைய பருவங்களிலும் வருவது பன்சா. இலையையோ காம்பையோ பழுப்பாக வறுத்தால் ஹோஜிச்சா. வறுத்த அரிசியைச் சேர்த்தால் கென்மைச்சா.

ஆண்டின் முதல் பறிப்பு காகோஷிமா போன்ற தெற்குப் பகுதிகளில் ஏப்ரலில் தொடங்கி வடக்கே நகரும். வசந்தம் பிறக்கும் நாளிலிருந்து எண்ணி 88ஆம் நாள், அதாவது மே 2 வாக்கில், தேயிலை பறிப்பதற்கு உகந்த நாளாக மரபில் கொண்டாடப்படுகிறது. குளிர்காலம் முழுவதும் செடி சேமித்த சத்து முதல் கொழுந்தில் இறங்குவதால் அதன் சுவையும் விலையும் உயர்வாக இருக்கும்.

வெந்நீரின் கணக்கு

இலைத் தேநீரின் உண்மையான பலம் அதைப் போடும் முறையில் இருக்கிறது. தேயிலையில் சுவை தரும் பொருள்கள் மூன்று: தியானின் என்ற அமினோ அமிலம், கேட்டசின்கள், காஃபீன். உமாமி எனப்படும், நாவில் தங்கி நிற்கும் இனிய சாறுச்சுவைக்குத் தியானின் முக்கியக் காரணம். கேட்டசின்கள் துவர்க்கும், காஃபீன் கசக்கும். தியானின் வெதுவெதுப்பான நீரிலேயே நன்றாகக் கரைந்துவிடும். கேட்டசினும் காஃபீனும் முழுவேகத்தில் இறங்க நீர் சூடாக இருக்க வேண்டும். ஆகவே ஒரே இலையை 60 டிகிரியில் போட்டால் ஒரு தேநீர், 90 டிகிரியில் போட்டால் வேறொரு தேநீர்.

நிழலின் வேலையும் இதே கணக்கில் அடங்கும். வேரில் உருவாகி இலைக்கு ஏறும் தியானின், வெயில் பட்டால் கேட்டசின்களாக மாறிப்போகும். நிழலில் அந்த மாற்றம் மந்தமாகிறது. கியோகுரோ இனிப்பதும் வெயிலில் வளர்ந்த பன்சா துவர்ப்பதும் இதனால்தான். தியானினையே 1949இல் ஜப்பானிய ஆய்வாளர் சகாதோ யாஜிரோ கியோகுரோ இலையிலிருந்துதான் பிரித்தெடுத்தார்.

கியூசு என்ற பக்கவாட்டுப் பிடி கொண்ட சிறு மண் கெண்டியில் சென்சா போடும் விதத்தைக் கவனித்தால் இந்த வேதியியல் கைப்பழக்கமாகியிருப்பது தெரியும். கொதித்த நீரை நேராக இலைமேல் ஊற்றுவதில்லை. முதலில் அதைக் கோப்பைகளில் ஊற்றுகிறார்கள். இதில் கோப்பை சூடாகிறது, நீர் ஆறுகிறது, வேண்டிய அளவும் தெரிந்துவிடுகிறது. பாத்திரம் மாற்றும் ஒவ்வொரு முறையும் சூடு ஏறத்தாழ 10 டிகிரி இறங்கும் என்பது அவர்களின் கைக்கணக்கு. ஆறிய நீரைக் கெண்டியில் விட்டு, குலுக்காமல் 1 நிமிடம் மூடிவைக்கிறார்கள். பிறகு ஒரே கோப்பையை நிரப்பாமல், எல்லாக் கோப்பைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பிறகு வந்த வழியே எதிர்வரிசையில் திரும்புகிறார்கள். முதலில் இறங்குவது நீர்த்தும் கடைசியில் இறங்குவது கெட்டியாகவும் இருப்பதால், எல்லோருக்கும் ஒரே சுவை கிடைக்க இதுவே வழி. கடைசிச் சொட்டுவரை வடித்துவிட வேண்டும். மிச்ச நீர் கெண்டியில் தங்கினால் இலை ஊறிக்கொண்டே இருந்து அடுத்த ஊற்றைக் கசப்பாக்கிவிடும். இரண்டாவது ஊற்றுக்கு இலை ஏற்கெனவே விரிந்திருக்கும்; நீரைச் சற்றுச் சூடாக விட்டுச் சில நொடிகளிலேயே வடித்துவிடலாம்.

பலம்

இந்த முறையின் முதல் நன்மை, சுவையைக் குடிப்பவரின் கையில் கொடுப்பது. இலையின் அளவு, நீரின் அளவு, வெப்பம், நேரம் ஆகிய நான்கில் ஒன்றை மாற்றினால் விளைவு உடனே நாவில் தெரியும். டீ பேக்கில் பெரும்பாலும் பொடித்த இலையே இருப்பதால் எல்லாம் ஒரே வேகத்தில் இறங்கிவிடும். அங்கே இந்த விளையாட்டுக்கு இடம் குறைவு. இரண்டாவது, சிக்கனம். ஒரு முறை போடும் 5 கிராம் இலை இரண்டு மூன்று ஊற்றுத் தாங்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு சுவை. கியோகுரோவின் சக்கைகூட மென்மையாக இருக்கும். அதில் சில துளி சோயா சாஸ் விட்டுத் தின்பதும் உண்டு. மூன்றாவது, இலை வெளிப்படையானது. நிறம், உடைசல், காம்பு, வாசனை எல்லாம் கண்ணுக்கும் மூக்கிற்கும் எட்டுவதால், வாங்கியது என்ன என்பதை வாங்கியவரே சோதிக்க முடியும்.

நான்காவது நன்மை உடல் சார்ந்தது, அதிகம் பேசப்படாதது. 65 டிகிரிக்கு மேல் மிகச் சூடாகப் பானம் அருந்துவதை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் சேர்த்தது. ஆறிய நீரில் போட்டுச் சிறு கோப்பையில் குடிக்கும் சென்சா இந்த ஆபத்திலிருந்து இயல்பாகவே விலகி நிற்கிறது.

குறைகள்

முதல் குறை, விதிகள் வேதவாக்காகிவிடுவது. 70 டிகிரிக்கு மேல் போனால் பாவம் என்ற தொனியில் புதியவர்களுக்குப் பாடம் நடக்கிறது. ஆனால் ஜப்பானின் அதிகாரபூர்வ உணவுச் சத்து அட்டவணை, சென்சாவை அளக்க 10 கிராம் இலையை 430 மில்லி லிட்டர், 90 டிகிரி நீரில் 1 நிமிடம் ஊறவைக்கிறது. கியோகுரோவுக்கோ அதே 10 கிராம் இலை, வெறும் 60 மில்லி லிட்டர் நீர், 60 டிகிரி, இரண்டரை நிமிடம். அன்றாட இலைக்குச் சூடான நீரும் உயர்ந்த இலைக்கு ஆறிய நீரும் என்பதே நடைமுறை. பன்சாவுக்கும் ஹோஜிச்சாவுக்கும் கொதிநீரே பொருத்தம். வெப்பமானி, எடைத்தட்டு, ஆற்றும் கிண்ணம், விலை உயர்ந்த டோகோனாமெ ஊர்க் கெண்டி எல்லாம் வாங்கிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்ற எண்ணம், பைசாவோ விலகி நின்ற அதே இறுக்கத்தை வேறு உருவில் திருப்பிக் கொண்டுவருகிறது. நல்ல கண்ணி வடிகட்டி உள்ள எந்தச் சிறு கெண்டியும் போதும்.

இரண்டாவது, உமாமியை மட்டுமே உயர்வின் அளவுகோலாக்கும் விலை ஏணி. நிழல், முதல் பறிப்பு, இனிப்பு ஆகியவற்றுக்கு விலை ஏறுகிறது; துவர்ப்பும் மலைத்தோட்டத்து மணமும் பின்தள்ளப்படுகின்றன. இதற்கு மண்ணும் விலை கொடுக்கிறது. தியானின் பெருக நைட்ரஜன் வேண்டும். அதை அளவு மீறிக் கொட்டியதில், ஷிசுவோகாவின் தேயிலைப் பகுதிகளில் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறியது. பின்னர் உரத்தின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. அதே மாகாணத்தில் நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. தோட்டத்தைச் சுற்றிப் புல்வெளியைப் பேணி, அந்தப் புல்லை அறுத்துச் செடிகளுக்கு மூடாக்காக இடும் சகுசாபா முறையை, ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் உலக வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

மூன்றாவது, ஒரே ரகத்தின் ஆதிக்கம். சுகியாமா ஹிகோசபுரோ 1908இல் ஷிசுவோகாவில் தேர்ந்தெடுத்த யபுகிதா, குளிரைத் தாங்கியது, விளைச்சல் தந்தது, சுவையிலும் சமநிலை காட்டியது. அது நாடு முழுவதும் பரவி, தேயிலைப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தது. தரம் சீரானது; பலவகைமை குறுகியது. எல்லாத் தோட்டமும் ஒரே வேளையில் பறிப்புக்கு வருவதால் ஆளும் ஆலையும் நெருக்கடிக்கு உள்ளாகின்றன. சயெமிதோரி, ஒகுமிதோரி போன்ற ரகங்கள் தனித்தனியே விற்பனைக்கு வருவது இதற்கு மாற்று. புதியவர் ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குவது அந்த மாற்றுக்கு நேரடி ஆதரவாகும்.

நான்காவது, இலையின் அற்ப ஆயுள். ஒளி, ஈரம், காற்று, சூடு எல்லாமே பச்சைத் தேயிலைக்குப் பகை. அரைத்த காபிப் பொடியைப் போலவே, பொட்டலம் பிரித்த நாளிலிருந்து இதன் மணமும் கரையத் தொடங்கும். ஓரிரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. தொலைதூரத்திலிருந்து வாங்குபவர் சலுகை விலைக்காகக் கிலோக்கணக்கில் வாங்கினால், பாதிக்கு மேல் பழைய இலையைத்தான் குடிப்பார். நீரும் ஒத்துழைக்க வேண்டும். ஜப்பானின் குழாய்நீர் பெரும்பாலும் மென்னீர். இந்த இலைகளும் அதற்கேற்பவே சுவைபார்த்துக் கலக்கப்படுகின்றன. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் சாறு மங்கி, சுவை மட்டமாகிவிடும். பலர் இலைமேல் போடும் பழி நீரைச் சேர வேண்டியது.

ஆரோக்கிய வாக்குறுதிகள்

இந்தத் தேநீரைச் சுற்றி மிகைப்படுத்தல் அதிகம் நடப்பது மருத்துவக் குணங்களில்தான். அந்தக் குணங்களுக்கு வலுவான சான்றுகளுள் ஒன்று மியாகி மாகாணத்தின் ஓசாகி ஆய்வு. 40,530 பேரைத் தொடர்ந்து கவனித்த அதன் முடிவுகள் 2006இல் வெளியாயின. நாளைக்கு 1 கோப்பைக்கும் குறைவாகக் குடித்தவர்களோடு ஒப்பிட, 5 கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடையே மொத்த இறப்பு ஆண்களில் 12 சதவீதமும் பெண்களில் 23 சதவீதமும் குறைவாக இருந்தது. இதய, ரத்தநாள நோய் இறப்பில் தொடர்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. புற்றுநோய் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் இது வாழ்க்கைமுறையைக் கவனித்துப் பதிவுசெய்த ஆய்வு. தேநீர்தான் காரணம் என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது. எடை குறையும், புற்றுநோய் அண்டாது என்று பொட்டலத்தில் அச்சிடுவதற்கு இது ஆதாரமாகாது.

எச்சரிக்கைகளும் சொல்லப்பட வேண்டும். மேற்சொன்ன அட்டவணையின்படி 100 மில்லி லிட்டர் சென்சாவில் 20 மில்லிகிராம் காஃபீன், காபியில் 60, கியோகுரோவில் 160. கியோகுரோவை நிறைய இலையிட்டுக் கொஞ்சமாகக் குடிப்பதால் கோப்பைக் கணக்கு குறையும். ஆனாலும் இரவில் குடிக்க உகந்த பானம் அல்ல அது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், தாவர உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே இடைவெளி விடுவது அவசியம்.

இன்றைய நிலை

ஜப்பானிலேயே இலைத் தேநீர் தேய்ந்து வருகிறது. இதோஎன் (Ito En) என்ற நிறுவனம் 1985இல் பச்சைத் தேநீரைத் தகர டப்பாவிலும் 1990இல் பிளாஸ்டிக் பாட்டிலிலும் கொண்டுவந்தது. கெண்டியும் சக்கையும் இல்லாத வசதி மக்களைப் பிடித்துக்கொண்டது; கியூசு இல்லாத வீடுகள் பெருகின. பாட்டிலுக்கு மலிவான இலை போதும் என்பதால், இயந்திரம் ஓடும் சமவெளித் தோட்டங்களுக்குச் சாதகமாகவும், சரிவில் சிறு தோட்டம் வைத்திருக்கும் மூத்த விவசாயிகளுக்குப் பாதகமாகவும் சந்தை திரும்பியது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த ஷிசுவோகாவை 2024இல் காகோஷிமா உற்பத்தியில் முந்தியது. இப்போது உலகளாவிய மாட்சா மோகத்தால், சென்சா விளைந்த தோட்டங்களே மாட்சாவுக்கான டென்ச்சா இலைக்கு மாறுகின்றன. இந்தச் சூழலில் வெளிநாட்டில் ஒரு புதியவர் வாங்கும் 100 கிராம் நல்ல சென்சாவுக்கு அதன் அளவை மீறிய மதிப்பு உண்டு. மலைத்தோட்டங்கள் நிலைக்க அத்தகைய வாடிக்கையாளர்கள் தேவை.

நிறைகுறைகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பழக்கத்தில் காப்பாற்ற வேண்டியது அளந்து போடும் ஒழுங்கு. விட்டுவிட வேண்டியது விதிப் பயம், விலைப் பெருமை, மருந்து மயக்கம் ஆகிய மூன்றும். தொடங்குபவருக்கு நடுத்தர விலையில் 50 கிராம் ஃபுகாமுஷி பொருத்தமானது. சிறு பிழைகளை அது பொறுத்துக்கொள்ளும். துவர்ப்பு பிடித்தால் மலைப்பகுதிச் சென்சாவுக்கும், இனிப்பு பிடித்தால் கபுசெச்சாவுக்கும், மாலை வேளைக்கு ஹோஜிச்சாவுக்கும் பிறகு போகலாம். கியோகுரோ கடைசியில் வரட்டும். அதற்கெல்லாம் முன்பு, ஒரே இலையை 60 டிகிரியிலும் 90 டிகிரியிலும் தனித்தனியே போட்டு அருகருகே வைத்துக் குடித்துப் பார்ப்பது நல்லது. தனக்கு வேண்டிய தேநீர் எது என்பதை எந்த விற்பனையாளரையும் நம்பாமல் முடிவுசெய்யும் திறன் அந்தச் சோதனையிலிருந்தே வளரும்.