சேங்கொட்டையும் முடக்குவாதமும்: எலிச் சோதனை சொல்வது எவ்வளவு?

அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியது ஊரூர் ஒல்காட் குப்பம். அங்கிருந்து தரமணி சில கிலோமீட்டர்தான். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிர்வேதியியல் துறையைச் சேர்ந்த சச்சிதானந்தமும் குழுவினரும், பாலில் பக்குவம் செய்த சேங்கொட்டைச் சாற்றை முடக்குவாதம் கண்ட எலிகளுக்குக் கொடுத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சாறு உண்ட எலிகளின் உடலில் ஆக்சிஜன் தனி உறுப்புகள் குறைந்தன என்கிறது, அவர்கள் 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை.

இந்த அளவில் வேலை நல்ல வேலை. ஆனால் "ஆக்சிஜன் நஞ்சை நீக்கினால் முடக்குவாதம் தீரும்" என்று இதை நீட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்களே, அங்கேதான் இடறுகிறது.

முடக்குவாதத்தில் உடலின் காவற்படையே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. அங்கே குவியும் வெள்ளணுக்கள், கிருமிகளைக் கொல்வதற்கென்று வைத்திருக்கும் சூப்பராக்சைடை உமிழ்கின்றன. தடித்த சவ்வுக்கு ஆக்சிஜன் போதாமல், செல்கள் குளுக்கோஸை அரைகுறையாகச் சிதைக்க, லாக்டிக் அமிலம் தேங்குகிறது. செல்சவ்வின் கொழுப்பு கெட்டு மலோண்டையால்டிஹைடு பிறக்கிறது. சோதனைச் சாலையில் அளக்கப்படுவன இத்தகைய பொருள்களே. இவை தீயா, புகையா?

சுவீடனில் ஹோல்ம்டால் குழுவினர் 2003-இல் கண்டது வியப்பானது. பிறவியிலேயே சூப்பராக்சைடு குறைவாக உண்டாக்கும் எலிகளுக்கு மூட்டுநோய் கடுமையாக வந்தது! அமெரிக்காவிலோ 39,000-க்கு மேற்பட்ட பெண்களில் ஒரு பாதியினர் ஒருநாள் விட்டு ஒருநாள் 600 அலகு வைட்டமின் இ உண்டார்கள். மறு பாதியினர் வெறும் மாத்திரை. சுமார் பத்தாண்டுக்குப் பிறகும் முடக்குவாதம் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2008-இல் தெரிந்தது.

தரமணி எலிகளின் நோயும், கொன்ற காசக் கிருமியை எண்ணெயில் குழைத்து ஊசிபோட்டு வரவழைத்தது. அது சில வாரங்களில் தானே தணியும். மனிதனுக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே எலும்பு அரிக்கத் தொடங்கிவிடும். அரித்த எலும்பு திரும்புவது அரிது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்நோய் இரண்டு மூன்று மடங்கு அதிகம். குப்பத்தில் மீன் அரிந்து பிழைக்கும் ஒரு பெண், மெத்தோட்ரெக்சேட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் 'சத்து மாத்திரை'யை நம்பினால் இழப்பது விரல்களை.

ஒரு வேடிக்கை: வலியையும் காலை நேர விறைப்பையும் ஓரளவு குறைப்பதாகச் சில மனிதச் சோதனைகளில் தேறியது மீன் எண்ணெய். அது ஆக்சிஜன் பட்டால் எளிதில் கெட்டுப்போகும் பொருள்! மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் அது உண்டு. ஆனால் சோதனைகளில் நாள்தோறும் தந்த அளவு, குழம்பில் ஒரு துண்டு மீன் தருவதைவிட அதிகம்.

சேங்கொட்டையின் பச்சைச் சாறு தோலில் பட்டால் கொப்புளிக்கும். சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறியிட்டது இந்தச் சாற்றால்தான். வீட்டில் யாரும் இடித்துப் பார்க்க வேண்டாம்.