நடைவேக நீர்வழி: எண்ணூர்க் கால்வாயும் படகுச் செலவின் சுவையும்

மனிதனின் நடைவேகத்தைத் தாண்டாத ஊர்திகளுள் இன்று மிகுந்த கட்டணம் பெறுபவற்றுள் ஒன்று, பிரான்சு நாட்டுக் கால்வாய்களில் மிதக்கும் விடுதிப்படகு. நிலக்கரியும் தானியமும் சுமப்பதற்கென்று கட்டப்பட்ட தட்டையடிச் சரக்குப் படகுகளே பெரும்பாலும் இவ்வாறு உருமாறியவை. 1879ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டு நீர்ப்பூட்டுகளின் நீளம் 39 மீட்டர், அகலம் 5.2 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டதால், அவற்றுள் நுழையும் படகும் 38.5 மீட்டர் நீளத்தைக் கடக்காமல் அமைந்தது. நீர்ப்பூட்டு என்பது உயரம் வேறுபட்ட இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு நடுவே முன்னும் பின்னும் கதவிட்டுக் கட்டிய கல்தொட்டி. படகை உள்ளே விட்டு, பின்கதவை அடைத்து, நீரை நிரப்பியோ வடித்தோ மறுபுறத்து மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே முன்கதவு திறக்கும். லாரிகள் சரக்கைப் பறித்துக்கொண்ட பின், வேலையிழந்த படகுகளின் சரக்கறைகளில் படுக்கையும் அடுக்களையும் அமைத்து, ஏழெட்டுப் பேரை ஏற்றி, கார் இரண்டு மணி நேரத்தில் கடக்கும் தொலைவை ஒரு வாரத்தில் கடந்து செல்லும் தொழில் அங்கே வளர்ந்தது.

மெத்தையும் மதுவும் எந்த நகர விடுதியிலும் கிடைக்கும் என்பதால், இப்பயணத்தின் சுவையை அவற்றில் தேடுவது பொருந்தாது. படகில் அமர்ந்தவரின் கண் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. கரை அவருக்குத் தோள் உயரத்தில் நகர்கிறது. புல்லும் வேரும் நண்டு வளையும் முகத்துக்கு அருகே வந்து போகின்றன. எதிர்ப்படும் மரம் ஒரு புள்ளியாகத் தோன்றி, மெல்ல வளர்ந்து, கிளை விரித்து, நிழல் தந்து, பின்னால் சென்று மறைய எடுத்துக்கொள்ளும் நேரம் அந்த மரத்தைப் பற்றி நினைத்து முடிக்கப் போதுமானதாக இருக்கிறது. நீர்ப்பூட்டில் நின்று காத்திருப்பதும் பயணத்தின் ஓர் உறுப்பாகவே கருதப்படுகிறதேயன்றித் தடையாகக் கருதப்படுவதில்லை. இந்தச் சுவை அனைத்தும் ஒரு காலத்தில் திருவொற்றியூருக்கு மேற்கே, இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிறோமே அந்த நீரிலேயே இருந்தது என்பதை வடசென்னையில் வாழ்பவர்களே பெரும்பாலும் அறிவதில்லை.

1806ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை 11 மைல் தொலைவுக்கு வெட்டப்பட்ட கால்வாயே பிற்காலத்துப் பக்கிங்காம் கால்வாயின் முதல் துண்டு. அதற்குப் பணம் போட்ட பேசில் காக்ரேன் என்பவரின் பெயரால் அது காக்ரேன் கால்வாய் என்றே முதலில் வழங்கியது. பின்னர் அரசு அதனை ஏற்று, வடக்கே பழவேற்காட்டு ஏரியையும் அதற்கு அப்பாலும், தெற்கே பாலாற்றையும் நோக்கிப் பகுதி பகுதியாக நீட்டியது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நகரப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் கால்வாய் முழுமைக்கும் சூட்டப்பட்டது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளும் இந்த நீர்வழியின் ஒரு பகுதியை அரைவயிற்றுக் கஞ்சிக்காக மண் சுமந்தவர்கள் தோண்டினார்கள் என்பதை அதன் அழகைப் பேசுகிறவர்கள் மறக்கலாகாது.

வடக்குப் பகுதியின் தொடக்கம் இன்றைய பேசின் பாலத்துப் பகுதி. பேசின் என்ற சொல் படகுகள் திரும்பவும் கரையணையவும் வெட்டிய அகன்ற நீர்த்துறையைக் குறிப்பது; துறை போயிற்று, ரயில் நிலையத்தின் பெயரில் சொல் மட்டும் நின்றுவிட்டது. சென்ட்ரலுக்கு அருகிலுள்ள சால்ட் கொட்டார்ஸ் சரக்கு நிலையத்தின் பெயரும் இத்தகையதே: அதில் உள்ள கொட்டார் நம் கொட்டாரம், அதாவது பண்டகசாலை, உப்பு குவித்துவைத்த கொட்டாரங்கள் இருந்த இடம் அது. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களின் உப்பும், ஸ்ரீஹரிகோட்டாக் காட்டின் விறகும், பழவேற்காட்டின் கிளிஞ்சலும், நெல்லூர்ப் பக்கத்து நெல்லும் இக்கால்வாய் வழியே நகருக்குள் வந்தன. விறகுத் தொட்டிகளின் அடுப்பெரிப்பும், காளவாய்களில் நீற்றிய சுண்ணாம்பும், அச்சுண்ணாம்பால் எழும்பிய மச்சுவீடுகளும் இந்த நீரின் மீது மிதந்து வந்தவை என்றால் அது மிகையாகாது.

இப்படகுகளை நகர்த்திய கலையை அருகே நின்று நோக்கினால்தான் அதன் நுட்பம் விளங்கும். காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். ஆழம் குறைந்த இடத்தில் தாங்குகோல் எனப்படும் நீண்ட மூங்கிற்கழியைத் தரையில் ஊன்றி, அதன் தலையைத் தோளில் அணைத்து, படகின் முன்பகுதியாகிய அணியத்திலிருந்து பின்பகுதியாகிய அமரம் வரை விளிம்போடு நடந்து தள்ளுவர். இரண்டும் உதவாதபோது கரையில் இறங்கிக் கயிற்றால் இழுப்பர். கயிற்றை அணியத்தின் நுனியில் கட்டினால் ஒவ்வோர் இழுப்புக்கும் படகின் மூக்கு கரையை நோக்கித் திரும்பி மண்ணில் முட்டும் என்பதால், கயிறிழுப்புப் படகுகளில் சற்றுப் பின்னே நிற்கும் பாய்மரத்தில் உயரமாகக் கட்டுவதே பொது வழக்கம். அவ்வாறு கட்டிய கயிறு கரைப் புதர்களுக்கு மேலாகவும் தடையின்றிச் செல்லும். கரையில் நடப்பவர் மார்பில் குறுக்காகக் கயிற்றுப் பட்டையை மாட்டி, உடலை முன்சாய்த்து, கையால் இழுக்காமல் தம் எடையாலேயே இழுப்பார். அசையாத படகை அசைப்பதுதான் கடினம். ஒருமுறை நகரத் தொடங்கிவிட்டால் பல டன் சரக்கும் ஒரு மனிதனின் சீரான நடைக்குப் பின்னே பணிந்து வரும். அமரத்தில் அமர்ந்தவரின் வேலை, கரைக்கும் நடுநீருக்கும் இடையிலுள்ள தொலைவு மாறாதபடி சுக்கானைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருப்பது.

எதிரே மற்றொரு படகு வந்தால் என்ன செய்வது என்பது இக்கலையின் மிக நேர்த்தியான பகுதி. இருவரும் ஒரே கரையில் இழுத்து வரும்போது, ஒருவர் நின்று தம் கயிற்றைத் தளர்த்துவார். தளர்ந்த கயிறு நனைந்து நீருக்குள் மூழ்கும். மற்றப் படகு அதன் மேலாக வழுக்கிச் செல்லும். சென்ற பின் கயிறு மீண்டும் விறைத்து நீர்த்துளிகளை உதறி எழும். யார் நிற்பது, யார் செல்வது என்பதைச் சுமை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றைப் பார்த்து இரு படகுக்காரர்களும் ஒரு குரலில் முடிவு செய்துவிடுவார்கள்.

பிரான்சுக் கால்வாய்களில் இல்லாத ஒன்று எண்ணூர்க் கால்வாய்க்கு இருந்தது, அது ஓதம். கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறுவதும் இருமுறை வடிவதும் ஓதம் எனப்படும். 1667 முதல் 1681 வரை பியர் போல் ரிக்கே என்பவரின் முயற்சியால் தெற்குப் பிரான்சில் வெட்டப்பட்ட 240 கிலோமீட்டர்க் கால்வாய், மலைநீரைத் தேக்கி, மேட்டின் மீது ஏறி இறங்கிச் செல்வது. அங்கே நீர்ப்பூட்டு ஓர் ஏணி. கடலை ஒட்டிக் கடல்மட்டத்திலேயே கிடக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கு ஏற வேண்டிய மேடு எதுவும் இல்லை. கொசஸ்தலை, கூவம், அடையாறு போன்ற ஆறுகளை அது குறுக்கிடும் இடங்களில் கடல்நீர் வடியும்போது கால்வாயும் வற்றிவிடாமல் பிடித்துவைப்பதும், வெள்ளக்காலத்தில் ஆற்று வண்டல் உள்ளே புகாமல் தடுப்பதுமே இங்கு நீர்ப்பூட்டின் வேலை. ஆகவே இங்கே அது ஒரு கதவு; அக்கதவைத் திறக்கும் நேரத்தைக் குறிப்பது நிலா. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த நாட்களில் ஓதம் மிகும். அட்டமி நவமிகளில் அடங்கும். படகுக்காரர் பஞ்சாங்கம் பார்ப்பதற்கு நல்ல நேரம் தவிர வேறொரு காரணமும் இருந்தது.

காற்றும் அதுபோலவே இப்பயணத்தின் எசமானன். கால்வாய் வடக்குத் தெற்காகக் கிடப்பதால், ஐப்பசி கார்த்திகையில் வீசும் வாடை தெற்கே வரும் படகுகளுக்கு உதவியது. கோடையின் தென்காற்று வடக்கே செல்லும் படகுகளின் பாயை நிரப்பியது. பேசினில் புறப்பட்ட படகு நடைவேகத்தில் எண்ணூரை அடைய நான்கைந்து மணி நேரமாவது ஆகியிருக்கும். வலப்புறம் பனைகளுக்கு அப்பால் திருவொற்றியூர். இடப்புறம் மணலியின் வயல்கள். சடையங்குப்பத்தைக் கடந்ததும் நிலம் தாழ்ந்து, உப்பளங்கள் வெளுத்து, கொசஸ்தலையாற்றின் கழிமுகம் அகன்று திறக்கும். சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர் படகோட்டவும் மீன் உண்ணவும் ஓய்வெடுக்கவும் எண்ணூரை நாடியதற்குக் காரணம் அந்தத் திடீர் விரிவுதான் என்று கொள்ளலாம்.

இவ்வின்பம் வெள்ளையருக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. 1934ஆம் ஆண்டில் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இக்கால்வாயின் தெற்குப் பகுதி வழியே படகில் சென்றார். அப்பயணம் ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாடலாயிற்று. செலவு என்பது பழந்தமிழில் பயணத்தைக் குறிக்கும் சொல். சிற்பங்களால் உலகப் புகழ் பெற்ற ஊருக்குச் சென்ற கவிஞர், தலைப்பில் சிற்பத்தை வைக்காமல் செலவை வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. சேருமிடத்தைவிடச் செல்லுதலே சுவை என்று மேலைநாட்டார் இன்று இதழ்களில் எழுதி விளக்குவதை அவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார் என்பதில் ஐயமில்லை.

கேரளத்தின் கெட்டுவள்ளம் இங்கே ஒப்பிட்டு நோக்கத்தக்கது. ஆணி இன்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அந்த நெற்படகு, சாலைகள் பெருகிச் சரக்கு குறைந்த பின், 1990களில் தங்கும் படகாக மறுபிறவி எடுத்து ஆலப்புழையின் அடையாளமாகவே ஆயிற்று. பழந்தொழில் ஒன்று அழியாமல் காக்கப்பட்டது என்ற வகையில் அது பாராட்டுக்குரியது. ஆயினும் தாங்குகோலுக்குப் பதிலாக எந்திரமும், காற்றுக்குப் பதிலாகக் குளிர்சாதனமும் வந்துவிட்ட படகில் பயணிக்குக் கிடைப்பது நீரின் மேல் ஓர் அறையேயன்றிச் செலவு அன்று. எந்திரம் கூடாது என்பதல்ல இதன் பொருள். தோளில் தழும்பேற இழுத்த படகுக்காரரின் உழைப்பை இன்பம் என்று அழைக்க யாருக்கும் உரிமை இல்லை. எந்திரத்தின் ஓசை நீரின் ஓசையை மூழ்கடிக்கும் அளவுக்குப் போகக்கூடாது என்பதே ரசிகரின் வேண்டுகோள்.

எண்ணூர்க் கால்வாயின் வீழ்ச்சி ஒருநாளில் நேர்ந்ததன்று. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1899இல் விஜயவாடா வரை இணைந்த கடற்கரை ரயில்பாதை கால்வாயின் சரக்கை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புயல்கள் கரைகளை உடைத்தன; நகர நடுவே பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. வடக்கில் ஆலைக் கழிவும் சாக்கடையும் அனல்மின் நிலையச் சாம்பலும் நீரைக் கெடுத்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், இக்கால்வாய் வழியாகவே எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து படகுகளையும் வலைகளையும் அலையாத்தி மரங்களையும் கருக்கிற்று. காட்டுக்குப்பம், சிவன்படைவீதிக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்களுக்கு அது வாழ்வின் மீது விழுந்த அடி. நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்து, பறி எனப்படும் பனையோலைக் கூடையில் போடும் தொழிலாளர்களின் உடம்பே அந்த எண்ணெயில் நனைந்தது.

இதற்கிடையே 2008இல் இக்கால்வாய் நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சுற்றுலாப் படகு விடும் பேச்சும் அவ்வப்போது எழுகிறது. படகுக்கு முன்னே நீர் வேண்டும். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னே அமர்ந்து மூக்கை மூடிக்கொண்டு செல்லும் சொகுசுப் படகு, சொகுசு என்ற சொல்லுக்கே இழுக்கு. கழிவைத் தடுத்து, சாம்பலை அகற்றி, கழிமுகத்தின் வாயை மணல் அடைக்காமல் காத்து, இறால் திரும்பி வந்த பிறகு, எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை ஒரு சிறு படகு விட்டால் போதும்; அதைச் செலுத்தும் உரிமை அக்கரையின் மீனவர்களுக்கே உரியதாக வேண்டும், ஏனெனில் எந்த இடத்தில் மணல் திரண்டிருக்கிறது, எந்த நாழிகையில் நீர் திரும்பும் என்பதை இன்றும் அறிந்திருப்பவர்கள் அவர்களே. இவ்வளவுக்குப் பிறகும் நீர்வழி முற்றிலும் செத்துவிடவில்லை. எண்ணூர் முகத்துவாரம் திறந்திருக்கும் காலமெல்லாம் நாளுக்கு இருமுறை ஓதம் அதற்குள் ஏறி வருகிறது.