கணக்கும் மதிப்பீடும்: ஒரு சதுரங்க ஆட்டம் பற்றிச் சில குறிப்புகள்

கணக்கிடுவது பொறியின் தொழில், மதிப்பிடுவது மனிதரின் ஆற்றல் என்றொரு பாகுபாடு நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. கலைப்பீடத்து மாணவராகிய எமக்கு அது ஆறுதல் தருவதுங்கூட. சதுரங்கத்திலே, இக்காயை வெட்டினால் எதிரி எதனை வெட்டுவான் என்று நகர்வு நகர்வாக எண்ணிச் செல்வது கணக்கு. எண்ணி முடிக்கவியலாதவிடத்து, காய்களின் நிலை எவர்க்குச் சாதகமானது என உணர்வது மதிப்பீடு. இப்பாகுபாட்டைச் சோதித்த ஆட்டமென, 1997 மே 4ஆந் திகதி நியூயோர்க்கில் உலக வெற்றிவீரர் கரி கஸ்பரோவுக்கும் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ கணனிக்கும் இடையே நடந்த தொடரின் இரண்டாவது ஆட்டத்தைக் கூறலாம்.

டீப் புளூ விநாடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராயவல்லது. 1996இல் பிலடெல்பியாவிலே அதன் முந்திய வடிவத்தை 4–2 என வென்றிருந்த கஸ்பரோவ், காலாள் கிடைத்தால் பொறி விடாது என்றே எதிர்பார்த்திருத்தல் வேண்டும். 36ஆம் நகர்விலே அவ்வாய்ப்பு வந்தது. இராணியை உட்செலுத்தி அது இரு காலாட்களைக் கவர்ந்திருக்கலாம். ஆயின் கறுப்புக்கு எதிர்த்தாக்குதலுக்கான வழி திறந்திருக்கும். பொறி அதனைச் செய்யவில்லை. காலாளுக்குக் காலாள் மாற்றிக்கொண்டு, அடுத்த நகர்விலே மந்திரியை நடுக்களத்தில் நிறுத்திக் கறுப்புக் காலாளின் வழியை அடைத்தது. ஆரவாரமற்ற நகர்வு, தேர்ந்த ஆட்டக்காரர் எவரும் தமதெனச் சொல்லிக்கொள்ள விரும்பும் நகர்வு. மனிதர் தலையிட்டனரோ என்று கஸ்பரோவ் ஐயுற்றார்.

அவ்வையத்தை ஒரு விமர்சகனின் பிழை என்பேன். மதிப்பீட்டின் சாயலைக் கண்டவர், அதன் பின்னால் மதிப்பிடும் உள்ளமொன்றைத் தேடினார். ஆழ எண்ணிய கணக்கும் எண்ணாதே உணர்ந்த தீர்ப்பும் பலகையிலே ஒரே நகர்வாக வந்து நிற்கக்கூடும். (கவிதையின் ஓசையைக் கொண்டு கவிஞனின் உள்ளத்தை அளக்கும் எம்மவரும் இவ்விடத்திற் சற்றுத் தயங்கலாம்.)

எனினும் கூடிய கவனத்துக்குரியது ஆட்டத்தின் முடிவே. வெள்ளையின் 45ஆம் நகர்வின்பின் கஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். இராணியால் அரசனுக்குத் தொடர்ந்து செக் வைத்து ஆட்டத்தைச் சமனாக்க வழியிருந்ததென மறுநாள் அவருடைய நண்பர்கள் எடுத்துக்காட்டினர். கணக்கிலே தமக்கு நிகரில்லாத அவர், இத்துணை நுட்பமாக ஆடிய பொறி அதனைத் தவறவிட்டிராது என நம்பி, எண்ணிப் பாராது விட்டார் போலும். ஆகவே அன்று பிழைத்தது காய்களின் நிலை பற்றிய மதிப்பீடு மாத்திரமன்று. எதிராளி பற்றிய மதிப்பீடுமாகும். தொடரும் 3½–2½ எனக் கணனிக்கே சென்றது.

பாகுபாடு முற்றாகக் குலைந்தது 2017இலேயே. தன்னோடு தானே ஆடிப் பயின்ற அல்பாசீரோ, விநாடிக்கு 80,000 நிலைகளை மாத்திரம் ஆராய்ந்து, 7 கோடி நிலைகளை ஆராய்ந்த ஸ்ரொக்பிஷ் என்ற நிரலை எதிர்த்து 100 ஆட்டங்களில் 28ஐ வென்றது, ஒன்றிலேனும் தோற்கவில்லை. போட்டி நிபந்தனைகள் பற்றிக் குறைகூறியோர் உளர். அக்குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் 2020இல் ஸ்ரொக்பிஷும் நிலைகளை மதிப்பிட நரம்பு வலைப்பின்னலையே ஏற்றுக்கொண்டது. குறைவாக எண்ணி, கூடுதலாக உணர்வது மனிதர்க்கே உரியது என்று இனி வாதிடுவது கடினம். அவ்வலைப்பின்னலோ ஒரு நிலைக்கு ஓர் எண்ணைத் தருவதோடு நின்றுவிடுகின்றது. அது ஏன் என்பதனை ஆட்டக்காரர் பின்னர் பலகை முன் அமர்ந்து தாமே தேட வேண்டியிருக்கின்றது.