குனிகிற மகாராஜாவும் ஆளில்லாத சாலையும்

கார் வாங்கவே முடியாதவனுக்குக் கார் விளம்பரம் என்னத்துக்கு? அசட்டுக் கேள்வி போலத் தெரியலாம். 1960களிலும் 70களிலும் பியட்டுக்கும் அம்பாசடருக்கும் பணம் கட்டியவர்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். கூவி விற்க வேண்டிய நெருக்கடி கம்பெனிகளுக்கு இல்லை. அப்படியும் பத்திரிகைகளில் கார் விளம்பரங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆக, அவை விற்பனையை மட்டும் செய்யவில்லை, வேறொன்றையும் செய்தன. ஆடம்பர விளம்பரம் வாங்குகிறவனோடு பேசுவது போலப் பாவனை செய்துகொண்டு, வாங்கவே போகாதவனோடு பேசுகிறது. 'இது உனக்கில்லை' என்பதை அவன் ஒப்புக்கொண்டால்தான் மற்றவனுடைய கார் மதிப்புள்ள பொருளாகிறது. நம்முடைய பார்வை அங்கே கூலியில்லாத உழைப்பு.

1957இல் வெளிவந்த தன் நூலில் ரொலாண் பார்த் சித்ரோயன் காரை எடுத்துக்கொண்டு, அதைப் பழைய கோதிக் தேவாலயங்களுக்கு இணையாக வைத்துப் பார்த்தார். கண்காட்சியில் ஜனங்கள் அந்தக் காரைத் தொட்டுத் தடவிப் பார்ப்பதையும் எழுதினார். பாரிஸ்காரனுக்குத் தகரத்தையாவது தொட வாய்த்தது. நமக்குத் தொடக் கிடைத்தது தாள் மட்டும். வத்தலக்குண்டில் நிற்கிறவனுக்குக் கொடைக்கானல் ஏறுகிற வண்டிகள் கடந்துபோகும் காட்சிகள்தான். இங்கே பழைய பேப்பர் கடையில் நான் எடைக்கு வாங்கிய ஆங்கிலப் பத்திரிகைக் கட்டு மலை பங்களா ஒன்றிலிருந்து இறங்கி வந்தது என்றார் கடைக்காரர். காரும் விமானமும் மினுங்கும் அதே பக்கங்கள்தான் கிழிபட்டு வடை மடிக்கப் போகின்றன. எண்ணெய் ஊறிய பிறகும் விளம்பரம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறவர் ஏர் இந்தியாவின் மகாராஜா. 1946இல் பாபி கூகாவும் ஜே. வால்டர் தாம்ப்ஸன் விளம்பரக் கம்பெனியின் ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து உருவாக்கிய பிம்பம். முறுக்கு மீசை, தலைப்பாகை, குனிந்து வணங்கும் உடம்பு. ஒரு சுவரொட்டியில் சுமோ மல்லன், இன்னொன்றில் பாரிஸ் காதலன். அது எந்த வருஷம் என்பதை நாம் மறக்கக்கூடாது. தெலங்கானாவில் நிஜாம் ஆட்சிக்கெதிராக விவசாயிகள் எழுந்ததும், திருவிதாங்கூரில் புன்னப்புரா–வயலார் தொழிலாளர்கள் துப்பாக்கிக்கு முன் நின்றதும் அதே 1946இல்தான். மண்ணில் மன்னர்களை எதிர்த்து ரத்தம் சிந்திக்கொண்டிருந்தபோது, தாளில் மன்னர் பயணிகளின் செல்லப் பணியாளராக மறுபிறவி எடுத்தார். 1971இல் மன்னர் மானியம் ஒழிந்தது, மீசை ஒழியவில்லை. மகாராஜா குனிவதில் சமத்துவம் ஏதும் இல்லை. ராஜாவே சேவகம் செய்தால் பயணி ராஜாவுக்கு மேல் என்றாகிறது. படிநிலை அப்படியே இருக்கிறது, அதில் புதிதாக ஓர் இருக்கை போட்டாயிற்று.

அந்த இருக்கைகளில் உட்கார்ந்தவர்கள் யார்? 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதல் சர்வதேசப் பயணம் கிளம்பிய விமானத்தின் பெயர் 'மலபார் பிரின்சஸ்', அதாவது இளவரசி. 1950 நவம்பர் 3 அன்று அதே விமானம் ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் மலையில் மோதி 48 பேர் செத்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் இங்கிலாந்தில் கப்பல் வேலைக்குச் சேரப் போன இந்திய மாலுமிகள். மகாராஜா வரவேற்ற, இளவரசி சுமந்த விமானத்தில் கூலிக்காரர்கள்! விளம்பரப் பிரதிக்குள் அவர்களுக்கு இடமே கிடையாது.

சேலை கட்டிய பணிப்பெண் விளம்பரத்தின் இன்னொரு பிம்பம். விருந்தோம்பல், பாரதப் பண்பாடு எல்லாம் அவள் முந்தானையில் முடிந்து வைக்கப்பட்டன. வேலை விதிகள் என்ன சொல்லின? 35 வயதில் ஓய்வு. சேர்ந்து நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும். முதல் கர்ப்பத்தோடும் வேலை போகும். நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியைத் தூக்கியெறிந்தது. கல்யாண விதியை மட்டும் செல்லும் என்றது. விதிகளை எதிர்த்து நீதிமன்றம் போன பெண்கள்தான் அந்தப் படத்தைக் கட்டுடைத்த முதல் விமர்சகர்கள். அவர்களுக்கு எந்தக் கோட்பாட்டு நூலும் தேவைப்படவில்லை.

காருக்கு வருவோம். நம்மூர் உதாரணம் சென்னைப் பக்கம் வண்டலூர் ஆலையில் தயாரான ஸ்டாண்டர்ட் 2000. 1985இல் ஆடம்பரக் காராக வந்தது. உடல் பிரிட்டனின் ரோவர் காருடையது. உள்ளே இருந்ததோ 1940களின் வான்கார்டு கார் வழி வந்த கிழட்டு எஞ்சின். சில வருஷத்தில் உற்பத்தி நின்றது, பிறகு ஆலையும் மூடியது. இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்குவது சுலபம். விளம்பரம் என்கிற வடிவமே அங்கே உலோகமாக வார்க்கப்பட்டது என்கிறேன் நான். மேலே மினுக்கம், உள்ளே பழைய உறவுகள். கார் விளம்பரத்தின் சாலையைக் கவனியுங்கள், எப்போதும் காலி. நடந்து போகிறவன் இல்லை, தார் ஊற்றுகிறவள் இல்லை, ஆலைத் தொழிலாளி இல்லை.

இன்று இந்தப் பழைய விளம்பரங்கள் சட்டம் போடப்பட்டு ஓட்டல் சுவர்களில் தொங்குகின்றன. 'அந்தக் காலம், அந்த அழகு' என்று பெருமூச்சு விடுகிறார்கள். யாருடைய அந்தக் காலம்? ஒருமுறை படத்திலிருந்து அழிக்கப்பட்டவர்கள் இந்தப் பெருமூச்சில் இரண்டாம் முறை அழிகிறார்கள். வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா புத்தகக் கட்டுகளைத் தானே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றவர். அந்தச் சுமையும் எந்த விளம்பரத்திலும் வராது. அதனால்தான் சிறுபத்திரிகைக்காரனுக்கு இந்தப் படங்களைப் படிக்கிற பொறுப்பு கூடுதலாக இருக்கிறது.

படத்தில் இருப்பதைப் பார்த்து ரசிப்பதோடு நில்லாமல், யாரை வெளியே நிறுத்திவிட்டு இந்தப் படம் எடுக்கப்பட்டது என்று கேட்போம். பத்தாவது தேறாததால் குடிபெயர்வுச் சோதனை முத்திரை குத்திய பாஸ்போர்ட்டோடு வளைகுடாவுக்குப் பறந்த நம் பக்கத்துப் பையன்களுக்கு எந்த மகாராஜாவும் குனிந்ததில்லை. ஆகாயம் அவர்களுக்கும் வேலைக்குப் போகிற வழிதான், 1950இன் மாலுமிகளுக்குப் போல.