மண்ணில் தந்தம், மண்ணில் வெண்கலம்: வூஸ்டர் ஜாடியை ரசிப்பது எப்படி?

ஜப்பானில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ரதர்ஃபோர்ட் ஆல்காக் சேகரித்த அரக்குப் பெட்டிகளும் வெண்கலப் பொருள்களும் பீங்கான்களும் 1862-ல் லண்டன் கண்காட்சிக்கு வந்தன. ஆங்கிலக் கலைஞர்கள் சொக்கிப்போனார்கள். ராயல் வூஸ்டர் பீங்கான் ஆலையின் கலைப் பொறுப்பாளர் ஆர். டபிள்யூ. பின்ஸ் ஜப்பானியப் பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1870-களில் அந்த ஆலை செய்த ஜப்பானிய பாணி ஜாடிகள் அந்த மோகத்தில் பிறந்தவை.

முதலில் தள்ளி நின்று பாருங்கள். பல ஜாடிகள் உருண்டையாக இருக்காது. சதுரமாகவோ தட்டையாகவோ இருக்கும். களிமண் குழம்பை அச்சில் வார்த்துச் செய்ததால் இது சாத்தியமானது. பூங்கிளையோ பறவையோ ஓர் ஓரமாக ஒதுங்கியிருக்கும். எஞ்சிய வெற்றிடத்தையும் சித்திரமாகவே பாருங்கள்.

பிறகு நெருங்குங்கள். உருவங்களை வடித்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் ஹாட்லி. ஜப்பானியக் குயவர்கள் வேலை செய்யும் காட்சிகளை அவர் புடைப்பாக வடித்த ஜாடிகள் புகழ்பெற்றவை. அவற்றின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்காது. பழைய தந்தத்தின் மங்கிய மஞ்சளும் மிருதுவும் இருக்கும். கைப்பிடி வெண்கலம் என்று தோன்றும். எல்லாமே பீங்கான்தான்!

ஜாடியின் மேல் பூசிய தங்கத்தின் மீது வெளிச்சம் சாயட்டும். சூளையிலிருந்து வரும்போது தங்கம் மங்கலாகத்தான் இருக்கும். வழவழப்பான கல்லால் தேய்த்தால்தான் மின்னும். சில இடங்களைத் தேய்த்து, சிலவற்றை அப்படியே விட்டிருப்பார்கள். ஒரே இலையில் இரண்டு தங்கம் தெரியும். அந்த எல்லைக்கோட்டில் தெரிகிறது கைத்திறன்.

கடைசியாக அடிப்பாகம். வட்டத்துக்குள் பின்னிய நான்கு ‘டபிள்யூ’, நடுவில் 51, மேலே கிரீடம்: இதுவே வூஸ்டர் முத்திரை. 51 என்பது ஆலை தொடங்கிய 1751-ஐக் குறிக்கும். ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால், பெரும்பாலும் அது 1891-க்குப் பிந்தையது.

இவற்றை ஜப்பானிய நகல் என்று ஒதுக்குவது அநியாயம். தந்தம் செதுக்குபவர், வெண்கலம் வார்ப்பவர், அரக்கு பூசுபவர் என்று தனித்தனிக் கைகள் செய்ததை, வூஸ்டர்க்காரர்கள் மண்ணையும் நெருப்பையும் மட்டும் நம்பிச் செய்துபார்த்தார்கள். லண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜப்பானியக் கலைக்கூடமும் உண்டு, ஆங்கிலப் பீங்கான்களும் உண்டு. அங்கே போனால் அசல் தந்தத்தையும் வெண்கலத்தையும் முதலில் பார்த்துவிட்டு இவற்றிடம் வாருங்கள். செய்தவர்களின் துணிச்சல் அப்போதுதான் முழுசாகப் புரியும்.